மின்சாரக் காரும் பெட்ரோல் காரும், நம் பால்மரமும்



சென்ற ஆண்டு விளையாட்டுப் போட்டியன்று நம் பள்ளிக்கு வந்த விருந்தினர் ஒருவர் மின்சாரக் காரில் வந்து இறங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கார் வந்த சத்தமே கேட்கவில்லை. திடலில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். "சார், இது இப்பத்தான் கண்டுபிடிச்ச காரு!" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எனக்கே பாடம் நடத்தினான். "இல்லடா தம்பி, இது உன் பூட்டன் காலத்துக் காரு" என்றேன். அவன் நம்பவில்லை. வாத்தியார் கதை விடுகிறார் என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். நம்பாத அந்தப் பிள்ளைக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அமெரிக்க நாட்டில் 1900-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளின் கணக்கு இது. மொத்தம் 4,192 வண்டிகள். அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோலில் ஓடியவையோ வெறும் 936! ஆம், அன்று மூன்று பிள்ளைகள் ஓடிய பந்தயத்தில் பெட்ரோல் கார்தான் கடைசிப் பிள்ளை.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1897-இல், இலண்டன் மாநகரிலும் நியூயார்க் நகரிலும் மின்சார வாடகைக் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ரீங்காரம் போன்ற ஓசையுடன் ஓடியதால் இலண்டன்வாசிகள் அவற்றை ரீங்காரப் பறவைகள் என்று செல்லமாக அழைத்தார்கள். நியூயார்க்கில் பேட்டரி தீர்ந்துவிட்டால் வண்டி காத்துக் கிடக்காது. நிலையத்துக்குள் போகும்; பழைய பேட்டரியை இறக்கிவிட்டு, சார்ஜ் ஏறிய வேறொன்றை ஏற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். இன்று புதுமை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதே ஏற்பாடுதான்.

வேகத்திலும் அது சளைக்கவில்லை. கமில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியக்காரர் 1899-இல் பாரிஸ் நகருக்கு அருகே, சுருட்டு வடிவில் செய்த ஒரு வண்டியை மணிக்கு 105 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட்டினார். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார் அதுதான். அது மின்சாரக் கார்! "ஒருபோதும் திருப்தியடையாதவள்" என்பது அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள். (வீட்டுக்காரரோடு அவருக்கு என்ன வழக்கோ, நாம் கேட்க வேண்டாம்.)

அக்காலப் பெட்ரோல் கார் எப்படி இருந்தது? சத்தம், புகை, நாற்றம், உடல் முழுவதும் நடுக்கம். கியர் மாற்றுவதே ஒரு வித்தை. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, அதை ஸ்டார்ட் பண்ணுவது. முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். இஞ்சின் திருப்பி உதைத்தால் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று வந்து அடிக்கும். என் தாத்தா தோட்டத்து லாரியில் அட்டெண்டன்ட்டாக இருந்தவர். "ஹேண்டில் அடிக்கும்போது கட்டை விரலை மடக்கிப் பிடிக்கக் கூடாதுடா. மத்த விரல்களோட சேர்த்து ஒரே பக்கமா வைக்கணும். இல்லேன்னா கை போயிடும்" என்று அவர் சொல்லிக் காட்டியது இன்னும் என் கண்முன் நிற்கிறது. அவர் கூட்டாளி ஒருவருக்குக் கை ஒடிந்தே போனதாம்.

மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏறி உட்கார்ந்து விசையைத் தள்ளினால் போதும். எனவே நகரத்துப் பெண்மணிகள் அதை விரும்பி வாங்கினார்கள். பெட்ரோல் கார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையார் ஓட்டியது எந்தக் கார் தெரியுமா? 1914-ஆம் ஆண்டு 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' என்னும் மின்சாரக் கார்! கணவர் ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றார். வீட்டுக்காரம்மா மின்சாரக் காரில் கடைக்குப் போனார்.

அப்படியானால் அது ஏன் தோற்றது? "நல்லா இல்லாததனால தோத்துச்சு" என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியான விடை ஆகாது என்பதே என் எண்ணம்.

முதற்காரணம் பளு. எடைக்கு எடை பார்த்தால், அக்கால ஈயப் பேட்டரியைப் போலப் பல நூறு மடங்கு ஆற்றல் பெட்ரோலில் அடங்கியிருக்கிறது. அந்த ஆற்றலில் முக்கால் பங்கை இஞ்சின் வீணாய்ச் சூடாக்கி வெளியே விட்டாலும், மிச்சம் இருக்கும் கால் பங்கே பேட்டரியை அடித்துவிடும். மேதை எடிசன் இரும்பும் நிக்கலும் சேர்ந்த புதுப் பேட்டரி ஒன்றைச் செய்யப் பல ஆண்டுகள் பாடுபட்டார். செய்தும் முடித்தார். உறுதியான பேட்டரிதான், ஆனால் விலை அதிகம். அது சந்தைக்கு வருவதற்குள் காலம் ஓடிவிட்டது.

அடுத்தது ஊர் நிலைமை. பேட்டரிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரமோ நகரத்தை விட்டு வெளியே வரவில்லை. 1935-இல்கூட அமெரிக்க விவசாயிகளில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் மின்விளக்கு எரிந்தது. பெட்ரோலை அப்படியல்ல, டின்னில் அடைத்து எந்தக் கிராமத்துக் கடையிலும் விற்கலாம். இதை நம் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் அம்மா சிறுமியாக இருந்தபோது லயத்தில் மின்சாரம் என்பது தோட்டத்து ஜெனரேட்டர்தான். மாலை ஆறரைக்கு வரும், இரவு பத்துக்கு நிற்கும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. அந்த லயத்தில் காருக்குச் சார்ஜ் போடுவதாவது!

1901-இல் டெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டு அடித்தது. பெட்ரோல் மலிந்தது. 1908-இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. விலை 850 டாலர். 1913-இல், தொழிலாளர் நின்ற இடத்தில் நிற்க, வண்டி நகர்ந்து வரும் முறையைத் தம் தொழிற்சாலையில் அவர் அமைத்தார். விலை இறங்கிக்கொண்டே போய் 1925-இல் முந்நூறு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் 1912-லேயே ஒரு மின்சாரக் காரின் விலை 1,750 டாலர்! பணக்காரர் வீட்டு வண்டியாகவே அது நின்றுவிட்டது.

கடைசி அடி எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் அதற்கு முன்னர்க் கடைகளில் பணம் வாங்கும் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெட்டியைத் திறக்க அங்கே ஒரு சின்ன மின்சார மோட்டாரைப் பொருத்தியிருந்தார். ஒரு சில விநாடி மட்டும் வேலை செய்வதானால் சின்ன மோட்டாரும் பெரிய பலத்தைக் காட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதே யோசனையைக் காருக்குக் கொண்டு வந்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் ஒரு பேட்டரியும் ஒரு சிறு மோட்டாரும் சேர்ந்து இஞ்சினைச் சுற்றிவிட்டன. கைப்பிடி போயிற்று, கை ஒடிவதும் போயிற்று. மின்சாரக் காருக்கு இருந்த பெரிய பெருமையும் அதோடு போயிற்று. பெட்ரோல் காரை ஜெயிக்க வைத்தது ஒரு மின்சார மோட்டார்! ஈயம் பூசிய வீட்டுக் குடத்தை வைத்தே வீட்டுக் கிணற்றை இறைத்து முடித்த கதைதான்.

டெட்ராய்ட் எலக்ட்ரிக் கம்பெனி 1939 வரை இழுத்துக்கொண்டிருந்து மறைந்தது. பிறகு இங்கிலாந்தில் விடியற்காலையில் சத்தமில்லாமல் வீடு வீடாகப் பால் ஊற்றிய வண்டிகள்தாம் மின்சாரத்தில் ஓடின. மாட்டுப் பாலைச் சொல்கிறேன், நம் பாலை அல்ல.

நிற்க. நம் பாலுக்கே வருவோம்.

ஜெனாட்ஸியின் மின்சாரக் காருக்கும் ரப்பர் டயர், ஃபோர்டின் பெட்ரோல் காருக்கும் ரப்பர் டயர். 1899-இல் உலகுக்கு ரப்பர் வந்தது பெரும்பாலும் அமேசான், காங்கோ காட்டு மரங்களிலிருந்துதான். நம் நாட்டு மரங்கள் அப்போது கன்றுகள். பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளின் வாரிசுகள் அவை. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி துரை, பட்டையை வெட்டியும் மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்ட முதலாளிகளிடம் விதையைக் கொடுத்துக் கெஞ்சினார். அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றார்கள். 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீனர் துணிந்து நட்டார்.

பத்தாண்டுகளில் பைத்தியம் தெளிந்தது. 1910-இல் இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. 1900-இல் சில ஆயிரம் ஏக்கராக இருந்த மலாயா ரப்பர்க் காடு, 1920-ஆம் ஆண்டுவாக்கில் இருபது இலட்சம் ஏக்கரைத் தொட்டது. மின்சாரக் கார் வென்றிருந்தாலும் டயர் தேவைப்பட்டிருக்கும், உண்மைதான். ஆனால் பணக்காரர் வீட்டுக்கு ஒன்றாக ஓடும் வண்டிக்கு இத்தனை காடு வேண்டியதில்லை. மாடல் டி மட்டும் 1927-க்குள் ஒன்றரைக் கோடி ஓடியது. அந்த மலிவு வண்டிகளுக்காகத்தான் கங்காணிகள் நம் ஊர்களுக்குப் போய் ஆள் கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன் பூட்டன்மார் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். உளியும் வாளியுமாக நிரைக்குள் போனார்கள். தாங்கள் வெட்டிய பால் எந்தச் சடக்கில் உருண்டது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

கார் விற்காதபோது என்ன நடந்தது என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர் கார் வாங்குவதைக் குறைத்தார்கள். 1932-இல் ரப்பர் ராத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே விழுந்தது. சம்பளம் வெட்டுப்பட்டது. பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். என் பாட்டியின் அக்காள் அப்படிப் போனவர்தான். திரும்பி வரவேயில்லை.

இப்போது பந்தயம் மறுபடி தொடங்கியிருக்கிறது. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த லித்தியம் பேட்டரி, கேமராவுக்கும் கைப்பேசிக்கும் என்று வளர்ந்து காருக்கும் வந்து சேர்ந்தது. அதன் பிதாமகர் மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2008-இல் டெஸ்லாவின் முதற்கார் ஒரே சார்ஜில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் காட்டியது. 1985-இல் சாகாவைத் தந்த நம் புரோட்டோனும் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 என்ற மின்சாரக் காரை இறக்கிவிட்டது.

"எது சார் நல்லது?" என்றால் ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது! மின்சாரக் கார் ஆற்றலை வீணாக்குவது குறைவு. கழியும் எண்ணெய் இல்லை, புகைக்குழாய் இல்லை. ஆனால் நம் தீபகற்பத்து மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து வருவது. புகை இல்லாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. விலையும் தோட்டத்துச் சம்பளக்காரருக்கு இன்னும் எட்டாதது. பேட்டரிப் பளுவால் டயர் சீக்கிரம் தேயும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் எல்லாம் காரின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருடம் பால் வெட்டிய ஒரு பாட்டி மட்டும் குனிந்து டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். "வாத்தியாரே, இதுல நம்ம பாலு இருக்கா?" என்றார். "இருக்கு பாட்டி. செயற்கை ரப்பரும் கலந்திருக்கும், ஆனா மரத்துப் பாலும் இருக்கு" என்றேன். பாட்டி சுற்றிலும் நிற்கும் செம்பனையைப் பார்த்தார். "இங்கதான் ஒரு மரம்கூட இல்லையே" என்றார்.

கோலக்கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே, அந்த முதற்காலத்து மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். பழைய உளி, மங்கு, காண்டாக் கம்பு எதுவும் வீட்டில் கிடந்தால் வீசிவிடாமல் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். நூலகத்தில் ஓர் அலமாரி காலியாக இருக்கிறது.