பாகை வட்டத்தை நம்புவது எப்படி?

மரச்சட்டம் செய்யும் தச்சருக்கும் சூரியனை ஆராயும் வானியல் அறிஞருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. கருவி காட்டும் கோணம் மெய்யான கோணம்தானா என்பதே அது. கருவியில் 45 என்று பொறித்திருப்பதால் மட்டும் கோணம் 45 பாகை ஆகிவிடாது. இந்தக் கவலையை நம் முன்னோர் எவ்வாறு தீர்த்தார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல வரலாறு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நேர்ந்த ஒரு விபத்தும், கொடைக்கானல் மலையில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பும் அதில் அடக்கம். அந்த வரலாறு இன்று கடையில் ஒரு சிறு கருவி வாங்கப் போகிறவருக்கும் பயன்படும்.

எட்டு வெட்டும் இரண்டு பாகையும்

மேசை ரம்பத்தை வாசகர்கள் மரப்பட்டறைகளில் பார்த்திருப்பார்கள். இரும்பு மேசையின் நடுவிலுள்ள பிளவின் வழியே வட்ட ரம்பம் மேலே நீட்டிக்கொண்டு சுழலும். ரம்பத்துக்கு இணையாக மேசையில் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். அந்தக் காடியில் வழுக்கிச் செல்லும் ஓர் இரும்புப் பட்டை. அதன் மேல் திருப்பி நிறுத்தக்கூடிய ஓர் அரைவட்டப் பாகைமானி. பாகைமானியோடு சேர்ந்த ஒரு முகப்புப் பலகை. இவை மூன்றும் சேர்ந்ததே மைட்டர் கேஜ் எனப்படும் கருவி. மரத்தை முகப்புப் பலகையோடு சேர்த்துப் பிடித்துத் தள்ளினால், வைத்த கோணத்தில் வெட்டு விழும்.

மேசை ரம்பத்தோடு வரும் மைட்டர் கேஜ் பெரும்பாலும் மட்டமானதாகவே இருக்கும். ஆகவே தச்சர்கள் வேறொன்றைத் தனியாக வாங்குகிறார்கள். இதற்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

படச்சட்டத்துக்கு நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் 45 பாகையில் இரண்டு வெட்டுகள். ஆக எட்டு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் கால் பாகை பிழை ஒரே பக்கமாக இருந்தால் மொத்தப் பிழை 2 பாகை. முதல் மூன்று மூலைகளையும் இறுக்கமாக ஒட்டிவிட்டால் இந்தப் பிழை முழுவதும் நான்காவது மூலையில் வந்து நிற்கும். சட்டத்தின் அகலம் 6 செ.மீ. என்றால் வெட்டின் நீளம் சுமார் 8.5 செ.மீ.; அங்கே தெரியும் இடைவெளி ஏறக்குறைய 3 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத கால் பாகை, கண்ணை உறுத்தும் ஓட்டையாக வளர்ந்துவிடுகிறது. கோணப் பிழையின் குணமே இதுதான்: அது சேர்ந்துகொண்டே போகும்.

வட்டத்தைப் பிரித்த எந்திரம்

இந்தத் தொல்லையை முதலில் பெரிய அளவில் உணர்ந்தவர்கள் மாலுமிகளும் நில அளவையாளர்களும் வானியலாரும்தான். ஒரு பித்தளை வட்டத்தை 360 சம பாகங்களாகப் பிரிப்பது எளிதன்று. நெடுங்காலம் இதைக் கைத்திறன் மிக்க சிலர் கவராயத்தை வைத்துக்கொண்டு பல நாள் உழைத்துச் செய்துவந்தார்கள். 1631இல் பிரான்சு நாட்டவரான பியர் வெர்னியர், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியைப் படிக்கும் வழியைக் காட்டினார். ஆனால் கோடுகளே இடம் மாறி இருந்தால் வெர்னியர் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் ஜெஸ்ஸி ராம்ஸ்டென் என்பவர் 1770களில் இதற்கு ஓர் எந்திரம் அமைத்தார். 45 அங்குல விட்டமுள்ள சக்கரம். அதன் விளிம்பில் 2,160 பற்கள். திருகு ஒன்று அந்தப் பற்களைத் தள்ளும். திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். அதாவது சரியாக 10 கலை. (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) 2,160 பற்களை 10 கலையால் பெருக்கினால் 21,600 கலை, அதுவே 360 பாகை. பல நாள் வேலை இதனால் சில மணி நேர வேலையாயிற்று. எந்திரத்தின் விவரம் 1777இல் நூலாகவும் வெளிவந்தது.

தஞ்சைக் கோபுரத்தில் ஒரு விபத்து

1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிக்கல் நாட்டினார். அவருக்கு லண்டனில் வில்லியம் கேரி செய்து கொடுத்த தியோடலைட் அரை டன் எடையுள்ளது. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு கருவியைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதன் கோண வட்டத்தின் விட்டம் 36 அங்குலம். இவ்வளவு பெரிய வட்டம் எதற்கு? ஆரம் சுமார் 457 மி.மீ. இருக்கும்போது ஒரு கலை என்பது விளிம்பில் 0.13 மி.மீ. நீளம், நுண்ணோக்கியால் அதை எளிதாகப் படிக்கலாம். மைட்டர் கேஜின் அரைவட்டம் 6 செ.மீ. ஆரம் உள்ளது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுப் பாகையே விளிம்பில் 1 மி.மீ. தான். பத்தில் ஒரு பாகையைக் கண்ணால் படிப்பது அங்கே நடவாத காரியம்.

1808இல் இந்தப் பெரிய கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, பித்தளை வட்டம் நெளிந்துபோயிற்று. வேறொன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க நெடுநாள் ஆகும். லாம்ப்டன் கருவியைத் திருச்சிக்குக் கொண்டுசென்று, கூடாரத்துக்குள் அமர்ந்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். ஒரு பெரிய தட்டைப் பலகையில் தமக்கு வேண்டிய அளவில் வட்டம் ஒன்றை வரைந்தார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து, அந்த வட்டத்தில் பொருந்தும்படி செய்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்திகளால் தட்டி நேராக்கினார். ஆறு வாரத்தில் கருவி பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. அளவைப் பணியும் தொடர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லாம்ப்டன் கருவியிலிருந்த கோடுகளை நம்பிக் கருவியைச் சரிசெய்யவில்லை. கருவிக்கு வெளியே ஒரு வட்டத்தை வரைந்து, அதனோடு ஒப்பிட்டார். களத்திலும் அப்படியே. சமதளத்தில் ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை ஆகவேண்டும். பூமியின் உருண்டை வடிவால் வரும் சிறு மிகுதியைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால் அளவையில் பிழை இருக்கிறது என்று பொருள். கருவியைச் சோதிக்கக் கருவியின் எண்களே போதா என்பதை அளவையாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

கொடைக்கானலில் திசை சொன்ன தீர்ப்பு

லாம்ப்டன் காலத்திலேயே, 1821இல், லெப்டினன்ட் வார்டு என்ற அளவையாளர் பழனி மலைகளை ஏறி அளந்தார். பிற்காலத்தில் அதே மலைகள் மற்றொரு வகை அளவைக்கு இடமாயின. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் ஆவல் வலுத்தது. மிச்சி ஸ்மித் பழனி மலைகளைத் தேர்ந்தார். 1895இல் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி அங்கே மாறியது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரம்.

1907இல் அங்கே வந்தார் ஜான் எவர்ஷெட். தம் கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்வதில் தேர்ந்தவர். 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஹேல், சூரியப் புள்ளிகளைச் சுற்றிச் சுழல் போன்ற அமைப்பு இருப்பதைக் கண்டிருந்தார். புள்ளியில் வாயு நீர்ச்சுழி போலச் சுழல்கிறதா? இதை அறிய எவர்ஷெட் டாப்ளர் விளைவைப் பயன்படுத்தினார். நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு ஊதாப் பக்கம் நகரும்; விலகிச் செல்லும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும்.

இப்போது கோணம் வருகிறது. சூரிய வட்டின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு புள்ளி இருக்கிறது. நாம் அதைச் சாய்வாகப் பார்க்கிறோம். வாயு சுழல்கிறது என்றால், நிறமாலைக் கருவியின் பிளவு விளிம்புக்கு இணையாகப் புள்ளியின் குறுக்கே கிடக்கும்போது கோடு நகர வேண்டும். மையத்திலிருந்து விளிம்பு நோக்கிய திசையில் கிடக்கும்போது நகரக்கூடாது. வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளியே பாய்கிறது என்றால் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். 1909 ஜனவரியில் எவர்ஷெட் கண்டது இரண்டாவது நிலையை. விளிம்புப் பக்கம் சிவப்பு நோக்கியும், மையப் பக்கம் ஊதா நோக்கியும் கோடுகள் சாய்ந்தன. வேகம் விநாடிக்குச் சுமார் 2 கி.மீ. அதாவது ஒளியின் வேகத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. 6,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள கோடு நகர்வது 0.04 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. இன்று உலகம் முழுவதும் இது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

பிளவின் திசையில் 10 பாகை தவறினால் என்ன ஆகும்? நகர்வு மிகுதியாக உள்ள நிலையில் 10 பாகையின் கொசைன் மதிப்பு 0.985, ஒன்றரை விழுக்காடுதான் குறையும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நகர்வே இருக்கக்கூடாத நிலையில் 10 பாகையின் சைன் மதிப்பு 0.17, பதினேழு விழுக்காடு நகர்வு பொய்யாகத் தோன்றும். ஆகவே பிழையைக் காட்டிக்கொடுப்பது உச்ச நிலை அன்று, சுழி நிலையே. எது இருக்கக்கூடாதோ அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கூர்மையான சோதனை. இதைத் தச்சர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு வெர்னியர் எதற்கு?

கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியைக் கையாண்ட மாணவர்கள் எதிரெதிரே இரண்டு வெர்னியர்களைப் படித்து எழுதியிருப்பார்கள். ஒன்று போதாதா என்று பலர் கேட்பதுண்டு. வட்டத்தின் மையமும் அது சுழலும் அச்சும் மயிரிழை விலகியிருந்தாலும், ஒரு பக்கம் கோணம் கூடுதலாகவும் எதிர்ப் பக்கம் அதே அளவு குறைவாகவும் காட்டும். இரண்டின் சராசரியில் அந்தப் பிழை மறையும். மைட்டர் கேஜில் இந்த வசதி இல்லை. ஆதலால் அதன் அச்சு ஆணியில் ஆட்டம் இருக்கக்கூடாது.

வாங்குவோர் கவனத்துக்கு

முதலில் மேசையின் காடி ரம்பத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கோணலாக இருந்தால் எந்த மைட்டர் கேஜ் வாங்கியும் பயனில்லை. காடியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். எல்லா மேசைகளின் காடியும் ஒரே அளவில் இருப்பதில்லை.

அடுத்து, பட்டை காடியில் ஆடக்கூடாது. 0.2 மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டையில் 40 செ.மீ. காடிக்குள் இருந்தால் கோணப் பிழை 2 கலைக்கும் குறைவு. அகலப் பலகையை வெட்டத் தொடங்கும்போது 10 செ.மீ. மட்டுமே உள்ளே இருந்தால் பிழை 7 கலை. பக்கவாட்டில் விரித்து இறுக்கக்கூடிய திருகுகள் உள்ள பட்டை இதனால்தான் சிறந்தது.

மூன்றாவது, 0, 22½, 30, 45 பாகைகளில் ஆப்பு விழுந்து நிற்கும் பள்ளங்கள் இருப்பது நல்லது. கோணம் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்ப வரும். நுண்ணிய கோடுகளை விட இந்த மாறாமை முக்கியம். ஆனால் பள்ளங்களுக்கு இடைப்பட்ட கோணத்திலும் இறுக்கி நிறுத்த முடியவேண்டும். நான்காவது, முகப்புப் பலகை நீளமாகவும் நேராகவும் இருக்கட்டும்.

வாங்கியபின் சோதியுங்கள். ஒரு பலகையை முகப்புப் பலகையோடு சேர்த்து ஒரு பக்கம் வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தை முகப்புப் பலகையில் வைத்து அடுத்த பக்கம். இவ்வாறு நான்கு பக்கமும் வெட்டி, ஐந்தாவதாக முதல் பக்கத்தையே மீண்டும் ஒரு கீற்றளவு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டின் பிழையும் சேர்ந்து இந்தக் கீற்றில் நான்கு மடங்காக நிற்கும். கீற்றின் இரு முனை அகலங்களுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் கோணம் 90 பாகை. கீற்றின் நீளம் 40 செ.மீ., வித்தியாசம் 0.8 மி.மீ. என்றால், ஒரு வெட்டின் பிழை 0.2 மி.மீ.; கோணத்தில் 2 கலைக்கும் குறைவு. படச்சட்டத்துக்கு இது தாராளம். 45 பாகைக்கு, இரண்டு துண்டுகளை வெட்டிச் சேர்த்து நல்ல மூலைமட்டத்துக்குள் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுக்கில் ஒளி கசியக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. மைட்டர் கேஜால் குறுக்கே வெட்டும்போது, நீளவாக்கில் வெட்ட உதவும் பக்கத் தடுப்பை மரத்தின் முனைக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தாதீர்கள். வெட்டுண்ட துண்டு ரம்பத்துக்கும் தடுப்புக்கும் இடையே சிக்கி, தச்சரை நோக்கி எகிறிப் பாயும். சோதனை வெட்டுகளுக்கும் இது பொருந்தும்.

எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். லாம்ப்டனுக்கு விகலைகள் தேவைப்பட்டன. தச்சருக்குச் சில கலைகள் போதும். விகலை காட்டும் கருவிக்குப் பணம் கொடுப்பது வீண். கால் பாகை ஆடும் கருவியோடு மரத்தை வீணாக்குவதும் வீண். இரண்டுக்கும் நடுவே நமக்கு ஏற்றது எது என்பதை விலைச்சீட்டோ பொறித்த எண்களோ சொல்வதில்லை. ஒரு பழைய பலகையும் ஐந்து வெட்டுகளும் சொல்லும்.