ஒரு பிராக்கெட் பல்லில் தங்கும் காலம்

பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் சிரிக்கும்போது பல்லுக்கொன்றாகப் பளிச்சிடுகிறதே, அந்த உலோகப் பொட்டுதான் பிராக்கெட். 'கிளிப்' என்றும் சொல்வதுண்டு. அடிக்கடி கழன்று விழுவதில் பேர்போனது கீழ்வரிசை முன்கடைவாய்ப் பல்லில் ஒட்டும் பிராக்கெட். அதன் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எஃகுத் தூளைப் பிசினோடு குழைத்து, அச்சில் செலுத்தி, சூளையில் சுட்டு இறுக்கினால் பிராக்கெட் தயார். கம்பி உட்கார நடுவில் 0.022 அங்குலக் காடி; கம்பியைக் கட்டிவைக்க நாலு மூலையிலும் சிறு இறக்கைகள். எந்தப் பல்லுக்கு, எப்படித் திருப்பி ஒட்டுவது என்று காட்ட ஓர் இறக்கையில் வண்ணப் புள்ளி வைத்திருப்பார்கள். அடிப்பக்கம் அந்தப் பல்லின் வளைவுக்கேற்ப வளைந்திருக்கும். அதில் மெல்லிய வலை. பசை இறங்கிப் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

ஒரு காலத்தில் பிராக்கெட்டைப் பல்லில் நேராக ஒட்ட வழியில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்டி, அதன்மேல் பிராக்கெட்டைப் பற்றவைத்தார்கள். 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர், 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தைப் பல்லின் மேலோடான எனாமலில் 30 வினாடி வைத்துக் கழுவினால் பிசின் நன்றாகப் பற்றுகிறது என்று எழுதினார். பெயின்ட் ஒட்டுவதற்காகத் தொழிற்சாலைகளில் உலோகத்துக்கு அமிலம் பூசுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அவர் கவலையெல்லாம் பல்லை அடைப்பது பற்றி. பிராக்கெட்டை எபாக்சி பசையால் நேரடியாக ஒட்டுவதை 1965-இல் எழுதியவர் ஜார்ஜ் நியூமன். பெரிய கடைவாய்ப் பல்லுக்கு வளையம் போடுவது இன்னும் முழுதாக வழக்கொழியவில்லை.

நம் பிராக்கெட்டின் ஆயுள் டாக்டரின் நாற்காலியில் ஓரிரு நிமிடத்தில் தீர்மானமாகிறது. பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, 37 சதவீத அமில ஜெல்லை 15 முதல் 30 வினாடி வைத்து, கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். பளபளப்பெல்லாம் போய் அந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொண்டன என்று அதற்கு அர்த்தம். பிசின் அவற்றுக்குள் இறங்கி நீல ஒளியில் இறுகும். வெளுத்த அந்த இடத்தில் எச்சில் பட்டுவிட்டால் துளைகள் அடைத்துப்போகும். மறுபடி அமிலம் வைக்க வேண்டும். கீழ்த்தாடையின் பின்பகுதியில் எச்சில் தேங்கும், நாக்கும் சும்மா இருக்காது. நம் பிராக்கெட் அதிகம் கழல்வதற்கு இது முக்கியக் காரணம். கழன்றதும் "முறுக்கு கடிச்சியா?" என்று பிள்ளையை அதட்டுகிறோம். முறுக்குக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஒட்டிய சில நாளிலேயே, எதையும் கடிக்காமல் விழுந்தால், ஈரத்தின் மேல்தான் என் சந்தேகம் முதலில் போகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்னொரு சிக்கல். ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் கறைபடிந்த பற்களில் மேல் எனாமல் அமிலத்துக்குச் சீராக இளகாது. பசையின் பிடியும் தளர்ந்துபோகிறது.

அப்படியானால் பிடுங்கவே முடியாத பசையாகச் செய்தால் என்ன? அதுதான் கூடாது. சிகிச்சைக்கு ஏறக்குறைய 6 முதல் 8 மெகாபாஸ்கல் பிடிவலு போதும் என்று 1975-இல் ரெனால்ட்ஸ் என்பவர் எழுதியதை இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பத்துச் சதுர மில்லிமீட்டர் அடிப்பாகத்துக்குக் கணக்குப் போட்டால் ஆறு முதல் எட்டு கிலோ இழுவை. பிடி இதைவிட மிக அதிகமானால் கழற்றும்போது எனாமலும் சேர்ந்து பெயரும். பீங்கான் பிராக்கெட் புதிதாக வந்த 1980-களின் பிற்பகுதியில் இது நடந்தது. வேதிப்பிணைப்பால் அசுரப் பிடியாக ஒட்டியதில் சிலருக்குப் பல்லே சிதைந்தது. அதன்பின் அடிப்பாகத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

வாய்க்குள் நம் பிராக்கெட்டுக்குத் தினமும் இடிதான். மேல்பல் ஆழமாக இறங்கிக் கடித்தால் ஒவ்வொரு மெல்லுதலிலும் அதில் மோதும். அதனால்தான் சில டாக்டர்கள் கடைவாய்ப் பல்மேல் நீலநிறச் சிமென்ட் மேடு வைத்து, மேல்பல் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போனால், சிகிச்சை முடிந்து குறடால் இறக்கைகளை நெருக்கும்போது பிராக்கெட் பட்டென்று விடுபடும். பசை பல்லிலேயே தங்கி, அதில் வலையின் தடம் பதிந்திருந்தால் டாக்டருக்கு நிம்மதி: எனாமல் தப்பியது. மீந்த பசையைச் சுழலும் கருவியால் பதமாகத் தேய்த்து எடுத்துவிடலாம்.

நடுவில் கழன்றால் தூக்கி எறிய வேண்டாம். கம்பியிலேயே தொங்கினால் இழுக்காமல் விடுங்கள். கையோடு வந்துவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள். அடுத்த மாத முறைக்குக் காத்திராமல் அன்றே போன் செய்யுங்கள். பிடி விட்ட பல், சிகிச்சையில் பின்தங்கிவிடும்.