முனிவரும் பூனையும்

மாமல்லபுரம் போகிறவர்கள் 'அர்ஜுனன் தபசு' பாறை முன்னால் நின்று போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. விலா எலும்பு தெரிய, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார் ஒரு முனிவர். கீழே, யானைப் பக்கம் பாருங்கள். ஒரு பூனையும் அதே மாதிரி தவம் செய்கிறது! சுற்றிலும் எலிகள். ரெண்டும் ஒண்ணுதான் என்று எலி நம்பினால், தொலைந்தது.

மருத்துவத்திலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. குடல் காசநோய், குரோன் நோய். வயிற்று வலி, பேதி, காய்ச்சல், இளைப்பு... இரண்டிலும் இதேதான். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடம்தான் இரண்டுக்கும் பிடித்த இடம்!

1932-ல் நியூயார்க் டாக்டர்கள் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும், 'இது காசநோய் அல்ல, வேறு' என்று எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்தவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. 'பெரும்பாலும் இளவயதினரைத் தாக்குவது' என்று அவர்கள் எழுதியதும் நிலைத்துவிட்டது. வயசானவர்களுக்கு வந்த வினை அது!

அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குப் பல வருஷமாக வயிற்று வலி. குரோன் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது 1956 மே மாதம்தான். அடுத்த மாதமே குடல் அடைத்துக்கொண்டது. வயது 65, முந்தைய செப்டம்பரில்தான் மாரடைப்பு வேறு. டாக்டர்கள் தயங்கித் தயங்கி நள்ளிரவுக்கு மேல் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தார். நவம்பர் தேர்தலில் மறுபடி ஜெயித்தார். 1969 வரை வாழ்ந்தார்!

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1968 முதல் 1971 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிக்கு ஒரு பிரமாண்ட சோதனை நடந்தது. பதிவு செய்யப்பட்டவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது. இளமையில் ஒட்டிய காசநோய்க் கிருமி பல வருஷம் தூங்கிவிட்டு, முதுமையில் கண்விழிக்கும். அதனால் ஒரு பெரியவர் வயிற்று வலி என்று வந்தால், இங்கே டாக்டர் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது நியாயம்தான்.

ஆனால், தப்பினால் ஆபத்து. காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், கிருமி உடம்பெங்கும் பரவும். குரோனைக் காசநோய் என்று நினைத்தால், மாதங்கள் வீணாகி, குடல் சுருங்கும். வயசான ஈரலையும் மாத்திரைகள் பதம் பார்க்கும்.

அதனால்தான் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார்கள். சதை கிள்ளிச் சோதித்து, முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்கிறார்கள். அப்புறமும் குழப்பமா? இரண்டு மூன்று மாதம் காசநோய் மருந்து கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்பது வழக்கம். புண் ஆறியிருந்தால் காசநோய். ஆறவில்லையென்றால் குரோனாக இருக்கலாம். அப்போதும் எலும்பு, சர்க்கரை எல்லாம் பார்த்துத்தான் ஸ்டீராய்டு.

'வயசாயிடுச்சு, வயிறு அப்படித்தான் இருக்கும்' என்று உங்கள் வீட்டுத் தாத்தா சொன்னால் விட்டுவிடாதீர்கள். அறுபத்தஞ்சு வயசில் கண்டுபிடித்தும் ஐசனோவருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மிச்சம் இருந்தது!