ஆறு நகரங்கள், 26 விழுக்காடு: காற்றும் இதயமும் சொன்ன கணக்கு

காற்று கெட்டுவிட்டது என்றால் உடனே யார் நினைவுக்கு வருகிறார்கள்? ஆஸ்துமா உள்ள பிள்ளைகள், இருமல் நிற்காத முதியவர்கள், படியேறினால் மூச்சு வாங்குபவர்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால், காற்றுத் தூய்மைக்கேட்டின் கணக்கு நுரையீரலோடு முடிவதில்லை. 2019ஆம் ஆண்டில் வெளிப்புறக் காற்றுத் தூய்மைக்கேட்டால் உலகம் முழுவதும் ஏறக்குறைய 4.2 மில்லியன் பேர் அகால மரணமடைந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவற்றில் சுமார் 68 விழுக்காடு, மாரடைப்பு போன்ற இதய நோயாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்தவை.

மூக்கின் வழியே போகும் தூசு இதயத்தை நிறுத்துகிறது என்பதை மருத்துவ உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை உறுதிப்படுத்த அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு தேவைப்பட்டது. அந்த உழைப்பு நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது.

புகை சூழ்ந்த நாட்கள்

1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பெல்ஜியம் நாட்டின் மியூஸ் பள்ளத்தாக்கில் தொழிற்சாலைப் புகை மேலெழ முடியாமல் சில நாட்கள் தங்கிவிட்டது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தச் சம்பவத்தை ஆராய்ந்த மருத்துவ அறிஞர் ஃபிர்கே, இதே நிலை லண்டனுக்கு வந்தால் 3,200 பேர் மடியக்கூடும் என்று எழுதினார். அந்த எச்சரிக்கையை அப்போது பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை.

1948 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டொனோரா என்ற ஆலை நகரில் 20 பேர் இறந்தனர். சுமார் 14,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஆறாயிரம் பேர் வரை நோயுற்றனர். மழை பெய்த பிறகே புகை விலகியது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரம் நிலக்கரிப் புகையில் மூழ்கியது. அப்போதைய அதிகாரபூர்வக் கணக்கு 4,000 மரணங்கள். அடுத்து வந்த வாரங்களில் நேர்ந்த கூடுதல் மரணங்களுக்குச் சளிக்காய்ச்சல்தான் காரணம் என்று அரசாங்கம் சொன்னது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் புள்ளிவிவரங்களை மறுபடியும் ஆராய்ந்தவர்கள், மொத்த மரணங்கள் 12,000 வரை இருக்கலாம் என்றனர். ஃபிர்கே சொன்னதைவிட உண்மை கொடுமையாக இருந்தது.

இந்த மூன்று இடங்களிலும் இறந்தவர்களில் பலர், ஏற்கெனவே இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியவர்கள். இதயம் என்ற சொல் அப்போதே அறிக்கைகளில் இருந்தது. ஆனால், அனைவரின் கவனமும் கண்ணை மறைத்த கரும்புகையின் மீதே இருந்தது. 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. கரும்புகை குறைந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பலர் நினைத்தனர்.

ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலே இருந்தது. ஐந்து நாள் அடர்த்தியான புகை ஆளைக் கொல்லும் என்றால், இருபது ஆண்டுகள் சுவாசிக்கும் மெல்லிய புகை என்ன செய்யும்?

ஆறு ஊர்களில் ஒரு நீண்ட காத்திருப்பு

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வைத்தது எண்ணெய் நெருக்கடி. 1973இல் பெட்ரோலிய விலை ஏறியபோது, அமெரிக்க மின்நிலையங்கள் கந்தகம் மிகுந்த நிலக்கரிக்குத் திரும்பிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அப்படித் திரும்பினால் மக்களின் உடல்நலம் என்னவாகும்? ஹார்வர்ட் பொதுச் சுகாதாரக் கல்லூரியைச் சேர்ந்த பெஞ்சமின் ஃபெரிஸ், ஃபிராங்க் ஸ்பைசர் ஆகியோரின் தலைமையில் 1974இல் ஆய்வு தொடங்கியது.

வாட்டர்டவுன், ஹாரிமன், செயின்ட் லூயிஸ், ஸ்டூபன்வில், போர்ட்டேஜ், டொபீகா ஆகிய ஆறு ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள ஸ்டூபன்வில் எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். விஸ்கான்சின் மாநிலத்தின் போர்ட்டேஜ் காற்று தெளிந்த சிற்றூர். மற்ற நான்கும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

ஆய்வில் சேர்ந்த பெரியவர்கள் 8,111 பேர். அவர்களுடைய வயது, கல்வி, உடல் எடை, புகைபிடிக்கும் பழக்கம், வேலையிடத்துத் தூசு எல்லாம் குறித்துக்கொள்ளப்பட்டன. குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வலிமை அளக்கப்பட்டது. ஊரின் காற்று தொடர்ந்து அளக்கப்பட்டது. பிறகு ஆய்வாளர்கள் 14 முதல் 16 ஆண்டுகள் வரை அவர்களின் வாழ்வையும் மரணத்தையும் பின்தொடர்ந்தனர்.

முடிவு 1993 டிசம்பர் மாதம், டக்ளஸ் டாக்கரி என்ற ஆய்வாளரின் பெயரை முதலில் தாங்கி, புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. புகைபிடிப்பது முதலிய மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், ஸ்டூபன்வில் மக்களின் மரண விகிதம் போர்ட்டேஜ் மக்களுடையதைவிட 26 விழுக்காடு அதிகமாக இருந்தது. நுரையீரல் புற்றுநோயோடு, இதய, நுரையீரல் நோய்களால் நேர்ந்த மரணங்களும் காற்றின் நிலையோடு சேர்ந்தே கூடின.

மரணங்களோடு நெருங்கிப் பொருந்தியது கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசு அல்ல. 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்தான். மனிதத் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு! ஒரு கன மீட்டர் காற்றில் இத்தகைய நுண்துகள் போர்ட்டேஜில் சராசரியாக 11 மைக்ரோகிராம், ஸ்டூபன்வில்லில் 29.6 மைக்ரோகிராம். ஸ்டூபன்வில் மக்கள் சுவாசித்தது லண்டனில் பார்வையை மறைத்ததைப் போன்ற புகை அல்ல, அன்றாடக் காற்று.

தரவுக்காக ஒரு போராட்டம்

ஆறு ஊர்களை வைத்து ஒரு நாட்டுக்கே சட்டம் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கான விடை இரண்டே ஆண்டுகளில் வந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982இல் வேறொரு நோக்கத்திற்காகத் திரட்டி வைத்திருந்த விவரங்களைப் பொருளியல் ஆய்வாளர் ஆர்டன் போப்பும் அவருடைய குழுவினரும் பயன்படுத்தினர். 151 நகர்ப்பகுதிகளைச் சேர்ந்த ஐந்தரை லட்சம் பேரின் கணக்கு அது. 1995இல் வெளியான முடிவு, ஆறு நகரங்கள் சொன்னதையே சொன்னது. நுண்துகள் மிக அதிகமாக இருந்த நகரங்களில் மரண அபாயம், மிகக் குறைவாக இருந்த நகரங்களைக் காட்டிலும் 17 விழுக்காடு கூடுதல்.

இந்த இரு ஆய்வுகளையும் முக்கியச் சான்றாகக் கொண்டு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1997இல் நுண்துகளுக்கு முதன்முறையாக வரம்பு விதித்தது. ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்றது. தொழில்துறையினர் கொதித்தெழுந்தனர். மூலத் தரவுகளை வெளியிடுங்கள் என்ற குரல் ஓங்கியது. ஆய்வில் சேர்ந்தவர்களிடமோ, தனிப்பட்ட விவரங்கள் வெளியில் போகாது என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருபக்கம் ஆய்வின் நம்பகத்தன்மை, மறுபக்கம் எளிய மக்களுக்குக் கொடுத்த வாக்கு. எதை விட்டுக்கொடுப்பது?

இரண்டையும் காப்பாற்றும் வழி ஒன்று கண்டறியப்பட்டது. அரசாங்கமும் வாகன உற்பத்தித் துறையும் சேர்ந்து நிதியளிக்கும் உடல்நல விளைவுகள் கழகத்திடம் தரவுகள் ஒப்படைக்கப்பட்டன. டேனியல் கிரூஸ்கி தலைமையிலான தனிக் குழு எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்தது. 2000ஆம் ஆண்டில் வந்த அறிக்கை, முந்தைய முடிவுகள் சரியே என்று உறுதி செய்தது. மறு ஆண்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. காற்றின் வரம்பை நிர்ணயிக்கும்போது மக்களின் உடல்நலத்தைத்தான் பார்க்க வேண்டும், அதற்காகும் செலவைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்.

மூக்கில் நுழைந்து இதயத்தில் முடிவது எப்படி?

2004இல் போப் குழுவினர் அதே தரவுகளை நோய்வாரியாகப் பிரித்துப் பார்த்தனர். மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு ஆகிய மரணங்களோடு நுண்துகளுக்கு உள்ள தொடர்பு வலுவாகத் தெரிந்தது. அதே ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம் இந்த அபாயத்தை அறிக்கையாக வெளியிட்டது. 2010இல், நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் இருப்பது காரண காரியத் தொடர்பு என்றே திட்டவட்டமாகக் கூறியது.

இடையில் 2007இல் இன்னோர் ஆய்வும் வந்தது. மாதவிடாய் நின்ற, இதய நோய் இல்லாத 65,893 பெண்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு அது. காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளின் அபாயம் 24 விழுக்காடும், அவற்றால் மரணமடையும் அபாயம் 76 விழுக்காடும் உயர்வதாக அது காட்டியது. மாரடைப்பு ஆண்களின் நோய் என்று எண்ணியிருந்த குடும்பங்களுக்கு இது பெரிய பாடம்.

உடலுக்குள் நடப்பது என்ன? நுண்துகள் நுரையீரலின் அடியாழத்தில் உள்ள காற்றுப் பைகள்வரை போய்த் தங்குகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. அதன் விளைவு இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் பரவுகிறது. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது. இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் நரம்புகளின் சமநிலை குலைகிறது. மிக மிக நுண்ணிய துகள்கள் நேரடியாக இரத்தத்தில் கலக்கவும் கூடும்.

2016இல் வெளியான மற்றோர் ஆய்வு இதைப் படம் பிடித்தே காட்டியது. ஆறு அமெரிக்க நகர்ப்பகுதிகளில் 6,795 பேரைப் பத்தாண்டு காலம் கவனித்து, ஸ்கேன் மூலம் இதயக் குழாய்களில் படியும் சுண்ணாம்புச் சத்தை அளந்தனர். காற்று மோசமாக இருந்த பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் படிவு வேகமாக வளர்ந்திருந்தது. மாரடைப்பு ஒரு நாளில் வருகிறது. அதற்கான ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு

ஆறு நகர ஆய்வு 1993உடன் நின்றுவிடவில்லை. மேலும் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, காற்றில் நுண்துகள் குறைந்த ஊர்களில் மரண அபாயமும் குறைந்திருந்தது 2006இல் தெரியவந்தது. 1980 முதல் 2000 வரையிலான அமெரிக்கக் கணக்கை ஆராய்ந்து, நுண்துகள் 10 மைக்ரோகிராம் குறைந்தால் சராசரி ஆயுள் சுமார் ஏழு மாதம் கூடுகிறது என்று போப்பும் டாக்கரியும் சக ஆய்வாளர் ஒருவரும் 2009இல் எழுதினர். காற்று திருந்தினால் உடலும் தேறுகிறது!

இந்தச் சான்றுகள் சேரச் சேர, உலகின் அளவுகோலும் கடுமையானது. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் என்று வகுத்த வழிகாட்டி அளவை 2021இல் 5ஆகக் குறைத்தது.

புகைமூட்டம் கலைந்த பிறகு

மலேசியாவும் சிங்கப்பூரும் புகைமூட்டத்தை நன்கு அறிந்த நாடுகள். 1997, 2005, 2013, 2015 என்று ஆண்டுகளைச் சொன்னாலே முகக்கவசமும் பள்ளி விடுமுறையும் நினைவுக்கு வரும். 2005இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும், 2013இல் மூவாரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர் 2014இலும் மலேசியா 2018இலும் நுண்துகளைத் தங்கள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டன. இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகள்.

ஆயினும், வானம் வெளுத்ததும் கவலையும் கலைந்துவிடுகிறது. ஆறு நகரங்கள் சொன்ன பாடமே இங்குதான் மறக்கப்படுகிறது. ஸ்டூபன்வில்லின் 26 விழுக்காடு சில நாள் புகைமூட்டத்தின் கணக்கல்ல. வேலைக்குப் போய், கடைக்குப் போய், வாசலில் அமர்ந்து பேசிய சாதாரண நாட்களின் கணக்கு. லாரிகள் ஓடும் சாலையோரத்திலும் ஆலைகளுக்கு அருகிலும் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சாதாரண நாட்கள் ஆண்டு முழுவதும் உண்டு.

இதய நோயைப் பற்றிப் பேசும்போது எண்ணெய், சர்க்கரை, சிகரெட், உடற்பயிற்சி என்று பட்டியல் நீளும். அவை ஒவ்வொன்றிலும் ஒருவர் தாமாக முடிவெடுக்கலாம். சிகரெட்டை விடலாம், மூச்சு விடுவதை நிறுத்த முடியுமா? எந்தக் காற்றைச் சுவாசிப்பது என்பது தனி மனிதர் கையில் இல்லை. சட்டமும் அதை நிறைவேற்றும் உறுதியும்தான் அதை முடிவு செய்கின்றன. ஆறு ஊர்களில் 8,111 பேர் தங்கள் வாழ்நாளின் விவரத்தைக் கொடுத்து எழுதிச் சென்ற பாடம் அது. குறியீடு பச்சையில் இருக்கும் நாட்களிலும் அதைக் கேட்க வேண்டும்.