மழைநீரோடு மண்ணும் ஓடுதா? கட்டுமான வளாகங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

2016 ஜூலை 28 அன்று பெய்த மழையில் குருகிராமின் பாட்ஷாபூர் கால்வாய் நிரம்பி வழிந்தது. வாகனங்கள் விடிய விடிய நெடுஞ்சாலையில் சிக்கின. நகரின் கிழக்கே ஆரவல்லி மலை. அங்கிருந்து மேற்கே நஜஃப்கர் கால்வாய் நோக்கித்தான் தண்ணீர் ஓடும். நடுவில் தோண்டிப் போட்ட மனைகள் இருந்தால், தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து போய்க் கால்வாயைத் தூர்த்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் வரும்?

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கரில் 50 மி.மீ. பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். கூரை, கான்கிரீட் தரையில் விழுவதில் பெரும்பகுதி அப்படியே ஓடிவிடும்.

குட்டை வெட்டினால் போதாதா?

போதாது. 0.1 மி.மீ. மணல் துகள், அசையாத நீரில் 1 மீட்டர் இறங்க இரண்டு நிமிஷம் ஆகும். 0.001 மி.மீ. களிமண் துகளுக்குப் பத்து நாளுக்கும் மேல் ஆகும். அதனால் குட்டையில் மணல் தங்கும், கலங்கல் தங்காது. படிகாரம் போட்டுத் தெளிய வைக்கலாம். ஆனால் அளவு தப்பினால் தண்ணீரில் அமிலத்தன்மை கூடிவிடும்.

அப்போ என்ன செய்யணும்?

முதல் வேலை, மண்ணை இடத்தைவிட்டு நகர விடாமல் வைப்பது.

• மொத்த மனையையும் ஒரே நேரத்தில் தோண்டாமல், பகுதி பகுதியாக வேலை செய்யணும்.
• மேட்டிலிருந்து வரும் நீரை, தோண்டிய இடத்துக்குள் விடாமல் தனி வாய்க்காலில் திருப்பணும்.
• சரிவில் தென்னை நார் விரிப்பு போட்டுப் புல் அல்லது வெட்டிவேர் நடணும்.
• வாய்க்காலில் இடையிடையே கல் தடுப்பு, லாரி வெளியேறும் வழியில் ஜல்லிப் படுகை வேணும்.

கட்டி முடித்த பிறகு?

பார்க்கிங் நீரில் எண்ணெய் கலந்திருக்கும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி, புல் வாய்க்கால் வழியாக விட்ட பிறகே வெளியே அனுப்பணும். மழைநீர் சேகரிப்புக் குழிக்குச் சுத்தமான கூரை நீரே நல்லது. சேறு போனால் குழி அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன் தூர்வாருவது கட்டாயம்.

சட்டம் என்ன சொல்லுது?

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு, 2006 அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேணும். அதைவிடச் சின்ன மனையிலும் மண் அரிக்கத்தான் செய்யும். உங்கள் அலுவலக வளாகம் எப்படி என்று தெரியணுமா? மழை நாளில் வெளியேறும் நீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் கரைசலாக ஓடினால், பராமரிப்புக் குழுவிடம் கேள்வி கேட்க அதுவே போதும்.