வானம் கேட்ட மலை – 9: நண்டு முகிலின் இரண்டு விநாடித் தாமதம்

வானத்தின் ரேடியோ மூலங்களை நிலவு ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போக, ஃபிரெட் ஹாயிலின் நிலைமாறா அண்டக் கொள்கையை ஊட்டி ரேடியோ தொலைநோக்கி எப்படி அசைத்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன், அந்தத் தொலைநோக்கியைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்பின் மலைச்சரிவைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

ஸ்வரூப்பை நீலகிரிக்கு இழுத்து வந்தது குளிரும் பசுமையும் அல்ல, ஒரு கோணம். ஊட்டி பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 11 டிகிரி வடக்கே இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சரியும் மலை கிடைத்தால், அதன்மேல் படுக்க வைக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம்.

ஊட்டி அருகே, உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் முத்தோரையில் அப்படியொரு சரிவு அகப்பட்டது. அதன்மேல் எழுந்த தொலைநோக்கிக்கு 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள். கிட்டே போனால் கம்பிகளுக்கு நடுவே வானம் தெரியும். ஆனால் அது பிடிக்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர்; அந்த அலைக்கு இந்தக் கம்பி வரிசை முழுக்க மூடிய சுவர். 1970-இல், நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய இந்தத் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் அறிவியல் நாயகர்களை வரிசைப்படுத்தச் சொன்னால், ஸ்வரூப்பை முதல் வரிசையில்தான் வைப்பேன்.

இந்தத் தொலைநோக்கி நாள்தோறும் சந்திக்கும் விந்தை ஒன்று உண்டு: வரும் வழியில் அலை பின்தங்குவது. ரேடியோ அலையும் ஒளியின் இனம்தான், அதனால் ஒளியிலிருந்தே தொடங்குவோம். வெற்றிடத்தில் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, தண்ணீரில் 2.25 லட்சமாகவும், வைரத்தில் 1.24 லட்சமாகவும் குறைந்துவிடுகிறது. அணுக்களில் முட்டி மோதி நின்று போவதால் அல்ல. ஒளியலை நுழைந்ததும் அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு சிற்றலையை எழுப்புகிறது. வந்த அலையும் இந்தச் சிற்றலைகளும் கூடி உருவாகும் அலையின் முகடு, தனி அலையைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. வைரத்தை விட்டு வெளியே வந்த கணமே பழைய வேகம் திரும்பிவிடும்.

விண்மீன்களுக்கு இடையே தண்ணீரும் இல்லை, வைரமும் இல்லை. அணுக்களிலிருந்து பிரிந்து தனியே திரியும் எலக்ட்ரான்கள் உண்டு. அங்கே முகடுகளின் கணக்கு வேறு. ஆனால் ரேடியோ துடிப்பு பின்தங்கத்தான் செய்கிறது. அலையின் அதிர்வெண் குறையக் குறைய எலக்ட்ரானுக்கு ஆட அவகாசம் கூடும், தாமதமும் கூடும். மேட்டுப்பாளையத்தில் ஒன்றாகக் கிளம்பும் பஸ்ஸும் மலை ரயிலும் ஊட்டிக்கு ஒன்றாக வந்து சேர்வதில்லை, அதுபோல.

சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீனே பல்சர். 1967-இல் ஜோசலின் பெல் கண்டெடுத்த முதல் பல்சரிலேயே இந்தப் பின்தங்கல் தெரிந்தது. துடிப்பு சூரியக் குடும்பத்துக்கு வெகு வெளியிலிருந்து, ஆனால் நம் பால்வீதிக்குள்ளிருந்தே வருகிறது என்று அதை வைத்துத்தான் கணித்தார்கள். 1974-இல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் ரைலுக்கும் போனது. பெல்லின் பெயரே இல்லை. அதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

ஊட்டி தொடர்ந்து கண்காணிக்கும் நண்டு முகில் பல்சரை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 30 முறை சுழல்கிறது, தூரம் சுமார் 6,500 ஒளியாண்டு. கண்ணால் காணும் ஒளியில் வரும் அதன் துடிப்புக்குப் பின், ஊட்டியின் 327 மெகாஹெர்ட்ஸில் துடிப்பு வந்து சேர ஏறக்குறைய 2.2 விநாடி ஆகிறது. 6,500 ஆண்டுப் பயணத்தில் விழுந்த இடைவெளி அவ்வளவுதான்! ஆனால் அதுவே தொல்லைக்குப் போதும். ஊட்டி கேட்கும் 16 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே மட்டும் 0.2 விநாடி வித்தியாசம். அதற்குள் பல்சர் ஆறு சுற்று முடித்துவிடும். துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகிவிடும். எந்த அலை எவ்வளவு தாமதித்தது என்று கணக்கிட்டு, கணினியில் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கு நகர்த்தினால்தான் துடிப்பு மீளும்.

அந்தத் தொல்லைக்குக் கிடைக்கும் கூலி பெரிது. தாமதத்தை அளந்தால் வழியில் இருந்த எலக்ட்ரான்களை எண்ணிவிடலாம். நண்டு முகிலுக்கும் நமக்கும் இடையே சராசரியாக 35 கன சென்டிமீட்டருக்கு ஓர் எலக்ட்ரான்தான். எந்த விண்கலமும் போகாத வெளியின் அடர்த்தியை முத்தோரையின் சரிவிலிருந்தே அளக்க முடிகிறது. ஒளி எங்கே தடுமாறியது என்பதைக் கேட்கத் தெரிந்தவனுக்கு அந்தத் தடுமாற்றமே தகவல். ஸ்வரூப் கட்டிய கம்பி வரிசை ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நிலவும் ஹாயிலும் அடுத்த வாரம்.

(தொடரும்)