தமிழில் பார்வையற்றோருக்கான உயர்கல்விப் பாடநூல்கள்

பார்வையற்ற மாணவர்கள் பிறர் உதவியின்றித் தாமே படிப்பதற்கேற்ற பிரெயில் நூல், ஒலிநூல், கணினி வாசிக்கும் மின்னூல் ஆகியவை அணுகத்தக்க பாடநூல்கள் எனப்படும். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கு இவை முன்பே கிடைத்தன. கல்லூரிக் கல்விக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

தொடக்கம்

பிரான்சு நாட்டின் லூயி பிரெயில் (1809–1852) அமைத்த ஆறு புள்ளி எழுத்துமுறை 1829-இல் நூலாக வெளிவந்தது. இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887-இல் அமிர்தசரசில் தோன்றியது. தமிழகத்தில் 1890-இல் அஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் இந்திய மொழிகளுக்குப் பல பிரெயில் முறைகள் வழங்கின. 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. இதில் தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே புள்ளிக் குறிதான்.

சென்னையின் மேற்குப் புறநகரில், அயனம்பாக்கத்துக்கு அருகிலுள்ள பூந்தமல்லி இக்கல்வியில் முக்கிய இடம் பெற்றது. அரசு பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளியும், தேராதூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கு உள்ளன.

கல்லூரியில் எழுந்த சிக்கல்

பள்ளிப் பாடநூல் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. ஒருமுறை பிரெயிலில் அச்சிட்டால் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வேறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாறவும் செய்யும். ஓர் அச்சு நூல் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பெருகும். அதனால் கல்லூரி நூல்கள் பெரும்பாலும் பிரெயிலுக்கு வரவில்லை. தன்னார்வலர் வாசித்துப் பதிந்த ஒலிநாடாக்களே துணையாயின. வாசிப்பவர் கிடைக்காத நாளில் படிப்பும் நின்றது.

எழுத்துருத் தடை

திரை வாசிப்பான் மென்பொருள்கள் வந்தபின் ஆங்கில நூல்களைக் கணினியே படித்துக் காட்டியது. தமிழ் நூல்களுக்கு அது உடனே கைகூடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. திரையில் 'அம்மா' என்று தெரியும் சொல், கணினிக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்பதே. திரை வாசிப்பானும் அப்படியே படித்தது. இதனால் தமிழ் இலக்கியம் பயின்ற மாணவர் தம் தாய்மொழி நூலையே கேட்க முடியாத நிலை ஏற்பட்டது.

1991-இல் வெளிவந்த யூனிக்கோடு, தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்களை அளித்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்றது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரை வாசிப்பான் தமிழையும் படிக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஹேமா மூர்த்தி குழுவினர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பேச்சொலி மென்பொருளை உருவாக்கினர்.

சட்டங்கள்

நூலை வேறு வடிவில் மாற்றப் பதிப்புரிமையும் தடையாக இருந்தது. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக இலாப நோக்கின்றி அவ்வாறு மாற்ற இசைவளித்தது. 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டை வழங்கியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 3 விழுக்காடாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இன்றைய நிலை

சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் ஆனார். தேர்வுக்குப் படிக்கத் திரை வாசிப்பான் அவருக்குத் துணைநின்றது. எனினும், பக்கங்களைப் படமாக எடுத்துத் தரும் பிடிஎஃப் குறிப்புகளைத் திரை வாசிப்பான் படிப்பதில்லை. பாடக்குறிப்பை யூனிக்கோடில் தட்டச்சிடுவது, வரைபடத்துக்கு எழுத்தில் விளக்கம் சேர்ப்பது, செவித்திறன் குறைந்தோருக்காகக் காணொளியில் வசன வரிகள் இடுவது ஆகியவற்றுக்குத் தனி அச்சகம் தேவையில்லை. பாடம் தயாரிக்கும் ஆசிரியரே செய்துவிடலாம்.